ஹோஸ்டிங் மாற்றியதும் வெப்சைட் ஓடுகிறது, மெயில் நின்றுவிட்டது – உதவி தேவை

சிவகாசி_அச்சு:
வணக்கம் நண்பர்களே. சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் டாட் காம் டொமைன் ஒரு இடத்தில் வாங்கியது, வெப்சைட் வேறொரு ஹோஸ்டிங்கில் இருந்தது, மெயில் கூகுள் வொர்க்ஸ்பேஸ். போன வெள்ளிக்கிழமை வெப்சைட்டைப் புதிய ஹோஸ்டிங்குக்கு மாற்றினோம். அவர்கள் "இந்த இரண்டு நேம்சர்வரையும் போட்டுவிடுங்கள், மற்றதெல்லாம் தானாக நடக்கும்" என்றார்கள், போட்டாயிற்று. வெப்சைட் நன்றாக வருகிறது. ஆனால் சனிக்கிழமையிலிருந்து மெயில் சிலரிடமிருந்து வருகிறது, பலரிடமிருந்து வரவில்லை. கோயம்புத்தூர் வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்து, தான் அனுப்பியது "550 நோ சச் யூசர் ஹியர்" என்று திரும்பிவிட்டதாகச் சொன்னார். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரி ஆல்பம் வெளியிட்டதிலிருந்து ஆர்டர், டிசைன் ஃபைல் எல்லாம் மெயிலில்தான் வருகின்றன, முதலாளி மணிக்கொரு தரம் கேட்கிறார். நேம்சர்வரைப் பழையபடி மாற்றிவிடட்டுமா?

போர்ட்53:
மாற்றாதீர்கள் சார். டாட் காம் டொமைன்களின் நேம்சர்வர் விவரத்தை மற்ற சர்வர்கள் 172800 விநாடி, அதாவது இரண்டு நாள் வரை நினைவில் வைத்திருக்கும். சிலரிடமிருந்து வந்து பலரிடமிருந்து வராததும் அதனால்தான், பழைய விவரத்தை வைத்திருப்பவர்களின் மெயில் மட்டும் சரியாக வந்து சேர்கிறது. இப்போது திரும்ப மாற்றினால் இன்னும் இரண்டு நாள் இதே குழப்பம் நீளும்.

நடந்தது இதுதான். நேம்சர்வர் என்பது வெப்சைட்டுக்கு மட்டும் உரியதல்ல, டொமைனின் எல்லா ரெக்கார்டுகளும் அங்கேதான் இருக்கின்றன. அதை மாற்றியதும் பழைய இடத்தில் இருந்த எம்எக்ஸ் (மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது), டிஎக்ஸ்டி (எழுத்து வடிவக் குறிப்புகள்) எல்லாம் கணக்கில் இல்லாமல் போய்விட்டன. புதிய ஹோஸ்டிங் தானாக உருவாக்கிய எம்எக்ஸ் அவர்களுடைய சர்வரையே காட்டும், அங்கே உங்கள் மெயில் முகவரி எதுவும் இல்லாததால் 550 என்று திருப்பி அடிக்கிறது. வெப்சைட்டை மட்டும் மாற்ற ஏ ரெக்கார்டில், அதாவது வெப்சைட் இருக்கும் சர்வரின் முகவரியைச் சொல்லும் ரெக்கார்டில், புதிய ஐபியைப் போட்டாலே போதும். இதைச் சொல்லாமல் நேம்சர்வரை மாற்றச் சொல்லும் ஹோஸ்டிங்காரர்கள்மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது, இதே பிரச்சினையோடு வாரத்துக்கு ஒருவராவது வந்து நிற்கிறார்கள்.

பழைய ஹோஸ்டிங் கணக்கை இன்னும் மூடவில்லையே?

சிவகாசி_அச்சு:
மூடவில்லை சார், இந்த மாதக் கடைசி வரை இருக்கிறது. ஆனால் அதன் பாஸ்வேர்டு முன்பு வேலை பார்த்தவரிடம் இருக்கிறது, அவர் போனை எடுக்கவில்லை.

போர்ட்53:
பாஸ்வேர்டே தேவையில்லை. பழைய நேம்சர்வரில் உங்கள் ரெக்கார்டுகள் அப்படியேதான் இருக்கும், நேரடியாக அதனிடமே கேட்கலாம். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, என்எஸ்லுக்கப் கட்டளையில் டைப்பை எம்எக்ஸ் என்று கொடுத்து, டொமைன் பெயருக்குப் பிறகு ஓர் இடைவெளி விட்டுப் பழைய நேம்சர்வரின் பெயரையும் அடியுங்கள். அப்புறம் அதையே டிஎக்ஸ்டிக்கும் செய்யுங்கள். டிகேஐஎம் (மெயிலில் இடும் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்கும் சாவி) ரெக்கார்டு டொமைன் பெயரில் கேட்டால் வராது, முன்னால் "கூகுள் புள்ளி அடிக்கோடு டொமைன்கீ" சேர்த்துக் கேட்க வேண்டும். டிமார்க்குக்கு (சோதனையில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்வது) முன்னால் "அடிக்கோடு டிமார்க்". வருவதையெல்லாம் ஒரு நோட்பேடில் காப்பி செய்து வையுங்கள்.

அடுத்து புதிய ஹோஸ்டிங்கின் சோன் எடிட்டரில் (ரெக்கார்டுகளைத் திருத்தும் பக்கம்) அவர்கள் போட்ட எம்எக்ஸை நீக்கிவிட்டு கூகுளுடையதைப் போடுங்கள். பழைய ஐந்து வரிகளை அப்படியே போட்டாலும் சரி, 2023க்குப் பிறகு கூகுள் தரும் ஒற்றை வரியை முன்னுரிமை 1 என்று போட்டாலும் சரி, இரண்டும் வேலை செய்யும். சில பேனல்களில் சர்வர் பெயரின் கடைசியில் புள்ளி வைக்காவிட்டால் உங்கள் டொமைன் பெயரையும் சேர்த்து ஒட்டிவிடும், சேமித்த பிறகு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மதுரை_சர்வர்:
இடையில் ஒன்று சொல்கிறேன். உங்கள் டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் ரெக்கார்டைக் கட்டாயம் பாருங்கள் தம்பி. புதிய ஹோஸ்டிங் தன் பங்குக்கு ஒன்று போட்டிருக்கும், கூகுளுடையதை நீங்கள் தனியாக இன்னொன்றாகச் சேர்த்தால் இரண்டும் செல்லாது. ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் ஒன்றுதான் இருக்கலாம், இருக்கிற வரியிலேயே கூகுளின் இன்க்ளூடைச் (கூகுள் சர்வர்களையும் அனுமதிக்கும் பகுதி) சேருங்கள். வரி நீளும்போது, அதைச் சரிபார்க்க ஆகும் டிஎன்எஸ் (டொமைன் ரெக்கார்டு) தேடல் 10ஐத் தாண்டக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லோருக்குமே எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் கட்டாயம், ஒரு நாளைக்கு 5000 மெயிலுக்கு மேல் அனுப்பினால் டிமார்க்கோடு சேர்த்து மூன்றும் வேண்டும்.

சிவகாசி_அச்சு:
பழைய நேம்சர்வரிடம் கேட்டதும் எல்லாம் வந்துவிட்டன, பெரிய நன்றி! எம்எக்ஸ் மாற்றினேன், அண்ணன் சொன்னபடி எஸ்பிஎஃப்பை ஒரே வரியாக்கினேன், டிகேஐஎம்மும் போட்டேன். என் சொந்த ஜிமெயிலிலிருந்து அனுப்பியது உடனே வந்தது. கோயம்புத்தூர்க்காரருக்கு மட்டும் இன்னும் திரும்புகிறது. அதோடு வெப்சைட்டில் உள்ள விசாரணைப் படிவத்தை நிரப்பினால் "அனுப்பப்பட்டது" என்று காட்டுகிறது, மெயில் மட்டும் வரவே இல்லை.

போர்ட்53:
கோயம்புத்தூர் தானாகச் சரியாகும். புதிய சோனில் டிடிஎல் (மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 14400 விநாடி என்று இருக்கும் என்று நினைக்கிறேன், தவறான எம்எக்ஸை அவருடைய சர்வர் நான்கு மணி நேரம் வரை பிடித்து வைத்திருக்கும். ஆனால் 550 என்று ஏற்கெனவே திரும்பியவை மறுபடி வராது, அது நிரந்தர மறுப்பு. அனுப்பியவர்களையே திரும்ப அனுப்பச் சொல்ல வேண்டும்.

படிவம் வேறு கதை. உங்கள் ஹோஸ்டிங்கின் கட்டுப்பாட்டுப் பக்கம் சிபேனலா? அதில் ஈமெயில் ரூட்டிங் என்று ஒன்று இருக்கும். அது லோக்கல் என்று இருந்தால், வெளியே எம்எக்ஸ் என்ன சொன்னாலும் அந்த சர்வர் கண்டுகொள்ளாது, உங்கள் டொமைனுக்கு வரும் மெயிலைத் தன்னிடமே தேடும். ரிமோட் என்று மாற்றுங்கள். சிபேனலின் முதன்மைக் கணக்கு இன்பாக்ஸையும் திறந்து பாருங்கள், வெள்ளிக்கிழமையிலிருந்து நிரப்பிய படிவங்கள் பெரும்பாலும் அங்கே திரும்பி வந்து கிடக்கும்.

சிவகாசி_அச்சு:
சிபேனல்தான் சார், ரூட்டிங் லோக்கலில்தான் இருந்தது. ரிமோட் ஆக்கியதும் படிவ மெயில் வந்துவிட்டது. நீங்கள் சொன்ன இன்பாக்ஸில் விசாரணைகள் அப்படியே இருந்தன, வாடிக்கையாளர் பெயரும் போன் நம்பரும் உள்ளேயே இருக்கின்றன, இப்போது ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

மதுரை_சர்வர்:
நல்லது தம்பி. கடைசியாக ஒரு வேலை. உங்கள் அலுவலக மெயிலிலிருந்து ஜிமெயிலுக்கு ஒன்று அனுப்பி, வந்ததில் ஷோ ஒரிஜினல் போட்டுப் பாருங்கள், எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டுக்கும் நேரே பாஸ் என்று இருக்க வேண்டும். டிகேஐஎம் சாவி நீளமானது, 255 எழுத்துக்கு மேல் ஒரே துண்டாக ஏற்காத பேனல்கள் பாதியில் வெட்டிவிடும்.

சிவகாசி_அச்சு:
பார்த்தேன் அண்ணே, இரண்டும் பாஸ்.