புதுப்பிப்பு: டிஎச்சிபி சிக்கல் தீர்ந்தது
அலுவலக உபுண்டு சர்வரில் டிஎச்சிபி (கணினிகளுக்கு ஐபி முகவரியைத் தானாக வழங்கும் சேவை) அமைத்த பிறகும் சில கணினிகளுக்கு மட்டும் ஃபைல் சர்வரின் பெயர் பிடிபடவில்லை என்று போன வாரம் கேட்டிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது.

கணக்குப் பிரிவுக் கணினியில் நெட்வொர்க் விவரங்களைக் காட்டும் 'ஐபிகான்ஃபிக் ஆல்' கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். டிஎச்சிபி சர்வர் என்ற வரியில் உபுண்டு சர்வரின் முகவரியான 192.168.1.10 வர வேண்டும், ஆனால் 192.168.1.1 இருந்தது. அது ரவுட்டர்! அதிலும் டிஎச்சிபி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கணினி கேட்டதும் யார் முந்திக்கொண்டு பதில் தருகிறார்களோ, பெரும்பாலும் அவர்கள் தரும் முகவரிதான். ரவுட்டர் முந்தினால் டிஎன்எஸ்ஸும் (பெயருக்குரிய முகவரியைக் கண்டுபிடித்துத் தரும் சர்வர்) அது சொல்வதே. நம் ஃபைல் சர்வரின் பெயர் அதற்கு எப்படித் தெரியும்?

ரவுட்டரில் அதை நிறுத்திவிட்டு, கணினிகள் பழைய முகவரியை விட்டுப் புதிதாக வாங்கிக்கொள்ள ரிலீஸ், ரினியூ கட்டளைகளைக் கொடுத்ததும் எல்லாம் சரி. அப்புறம், பிரின்டருக்கு அதன் மேக் முகவரியை (நெட்வொர்க் வன்பொருளின் அடையாள எண்) வைத்து 192.168.1.20ஐ ஒதுக்கிவிட்டேன். டிஎச்சிபி தானாக வழங்கும் 100 முதல் 200 வரையான பொது வரம்புக்கு வெளியே அதை வைக்கச் சொன்ன நண்பருக்கு மனமார்ந்த நன்றி.