பண்டிகைக் கடன் வாங்காமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

திருவாரூர் வாசகி:
நாங்கள் நாலு பேர். சம்பளத்தில் பாதி மளிகை, காய்கறிக்கே போய்விடுகிறது, தீபாவளிக்குக் கடன் வாங்கினால் பொங்கல் வரை அதைத்தான் அடைக்கிறோம். எதில் மிச்சம் பிடிக்கலாம்?

கும்பகோணத்து அக்கா:
டெல்டாவில் இருந்துகொண்டு அரிசியை மாதாமாதம் பையில் வாங்காதீங்க. தை, மாசியில் சம்பா அறுப்பு முடிந்ததும் தெரிந்த விவசாயியிடம் நெல்லாகவே வாங்கி, நன்றாகக் காயவைத்து மூட்டை கட்டிவிட்டு, வேண்டும்போது மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள், பழைய அரிசி சாதம் குழையாது, கூடுதலாகவும் காணும். உளுந்து, பயறு பங்குனி, சித்திரையில் புதுசாக வரும். வருஷத்துக்கு வாங்கி, மொறுமொறுவென்று வெயிலில் காயவைத்து, காய்ந்த வேப்பிலை போட்டு டின்னில் அடையுங்கள். வண்டு அவ்வளவாக வராது.

மன்னார்குடி:
துணிக்கு கோ-ஆப்டெக்ஸ் பாருங்கள், தீபாவளி சமயத்தில் 30 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு. காய்க்கு உழவர் சந்தை. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது, போய்வரும் செலவும் மிச்சம்.

தஞ்சாவூர் தம்பி:
அக்கா, பதிவில்லாத தீபாவளிச் சீட்டில் மட்டும் போடாதீங்க. எங்கள் தெருவில் நடத்தியவர் ஐப்பசி பிறக்கும் முன்பே ஊரைக் காலி செய்துவிட்டார். வங்கியில் ஒரு வருஷ ஆர்டி (மாதாமாதம் பணம் கட்டும் சேமிப்பு), புரட்டாசியில் முடிகிற மாதிரி போடுங்கள். தபால் ஆபீஸ் ஆர்டி 5 வருஷத்துக்கு என்பதால் இதற்குச் சரிவராது.

திருவாரூர் வாசகி:
சரி, ஆர்டி இந்த மாதமே. நெல் மூட்டை வைக்கத்தான் இடம் பார்க்க வேண்டும்.