வீணைப் பதிவில் கமகத்தின் வால் உஸ் சத்தத்தில் மூழ்கிவிடுகிறது: எந்த மைக் வாங்கலாம்?

குடந்தை வீணை டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் 22 வருஷமாக வீணை சொல்லிக்கொடுக்கிறேன். மைக் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். இந்த முறை தப்பாக வாங்கிவிடக் கூடாது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மாவுக்கு 78 வயது. என் முதல் குருவும் அவர்தான். அவர் கையில் மட்டுமே இருக்கிற பாடாந்தரம் (வழிவழியாக வந்த பாட முறை) என்று 41 உருப்படிகளைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். சுரக்குறிப்பு எழுதியாகிவிட்டது. ஆனால் கமகம் எழுத்தில் அடங்காதே. வலது கையால் ஒரே ஒரு மீட்டு, பிறகு அதே மெட்டில் தந்தியை இழுத்து இழுத்து மூன்று சுரம், நான்கு சுரம் பேச வைப்பார். போன வருஷத்திலிருந்து காலை வேளையில் இடது கை விரல்கள் மடங்க மறுக்கின்றன. அதனால் இந்த மார்கழிக்குள் எல்லாவற்றையும் பதிவு செய்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பிரச்சினை இதுதான். மீட்டு விழும்போது பதிவு நன்றாகவே இருக்கிறது. நாதம் அடங்க அடங்க, இழுப்பின் கடைசிச் சுரம் வருகிற நேரத்தில், பின்னாலிருந்து ‘உஸ்ஸ்’ என்று ஒரு இரைச்சல் எழுந்து அதை மூடிவிடுகிறது. எனக்கு வேண்டியதே அந்தக் கடைசிச் சுரம்தான். மென்பொருளில் இரைச்சலைக் குறைத்துப் பார்த்தேன். உஸ் போனது, கூடவே சுரமும் போனது. தண்ணீருக்கு அடியில் வாசித்தது போல ஆகிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. வீணை 2 கட்டை சுருதி. பஞ்சமத் தந்தியையும் அதற்கும் கீழே ஒலிக்கிற அனுமந்திரத் தந்தியையும் தொட்டால் பதிவில் ‘கும்’ என்று ஊதிப்போய்க் கேட்கிறது. நேரில் அந்த வீணை அப்படிப் பேசாது.

அறை 10 அடி 3 அங்குலம் சதுரம், உயரமும் கிட்டத்தட்ட அதே. மொசைக் தரை, வெற்றுச் சுவர். மைக், ஒரு மாணவி கொடுத்துவிட்டுப் போன தொடக்கநிலை கண்டன்சர் (மெல்லிய ஒலியையும் பிடிக்கிற நுட்பமான வகை). பெட்டியில் இருந்த தாளில் செல்ஃப் நாய்ஸ் 20 டெசிபெல், சென்சிடிவிட்டி 14 மில்லிவோல்ட் என்று போட்டிருக்கிறது. அம்மா அறை நடுவில் உட்காருவார். முகத்துக்கு முன்னால் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் அவருக்கு வாசிப்பு ஓடாது, அதனால் ஸ்டாண்டை 5 அடி தள்ளிச் சுவரை ஒட்டி வைத்திருக்கிறேன். மைக்கைக் கணினியோடு இணைக்கிற இன்டர்ஃபேஸ் ஸ்கார்லெட் சோலோ, மூன்றாம் தலைமுறை. கெயினை (ஒலியைப் பெருக்குகிற அளவை) முக்கால்வாசிக்கு மேல் திருப்ப வேண்டியிருக்கிறது.

கையில் 35,000 ரூபாய் இருக்கிறது. சென்னையில் ஒரு கடையில் விசாரித்தேன், ஷூர் எஸ்எம்7பி வாங்குங்கள், எல்லா ஸ்டூடியோவிலும் அதுதான் என்றார்கள். கச்சேரிக்கு வீணையின் மேல் ஒட்டுகிற பிக்கப்பே போதுமே என்கிறான் என் மாணவன் ஒருவன். தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

நெல்லைக் குரல்

அக்கா, நான் பாட்காஸ்ட் செய்கிறேன், எஸ்எம்7பி வைத்திருக்கிறேன். என் அறை மெயின் ரோட்டைப் பார்த்தது, சுவரில் ஒன்றும் ஒட்டவில்லை. முன்பு கண்டன்சரில் பேசும்போது பஸ் ஹாரன், நாய் குரைப்பது, எதிரொலி எல்லாம் வந்து விழும். இதற்கு மாறிய பிறகு என் குரல் மட்டும்தான் வருகிறது. உங்கள் அறையும் வெற்றுச் சுவர் என்பதால் எஸ்எம்7பி மாதிரி டைனமிக் மைக்தான் சரி என்று தோன்றுகிறது. சோலோவில் கெயின் போதாது, கிளவுட்லிஃப்டர் என்கிற சின்னப் பெருக்கி ஒன்று சேர்த்து வாங்க வேண்டியிருக்கும். பட்ஜெட் கொஞ்சம் இடிக்கும்.

ரீல் காலத்து ரிக்கார்டிஸ்ட்

அம்மா, முதலில் எஸ்எம்7பி வேண்டாம். தம்பி சொன்னதில் தவறில்லை, அவருக்கு அது பொருத்தமான மைக். அவர் வாயை இரண்டு அங்குலத்தில் வைத்துப் பேசுகிறார். அவ்வளவு கிட்டத்தில் குரல் மைக்குக்குள் கொட்டுகிறது, அதனால் கெயினைக் குறைக்கலாம், அதனால் ரோடு கேட்காது. அறைச் சத்தம் குறைந்தது மைக்கின் வகையால் அல்ல, தூரத்தால். வீணையை இரண்டு அங்குலத்தில் வைத்துப் பதிவு செய்ய முடியாது. கிட்டே போனால் தந்திகளைத் தாங்குகிற குதிரையின் கறகறப்பும் நகம் படுகிற சத்தமும்தான் வரும்.

கணக்கைப் பாருங்கள். உங்கள் மைக் 14 மில்லிவோல்ட் தருகிற அதே ஒலிக்கு எஸ்எம்7பி 1.12 மில்லிவோல்ட்தான் தரும். 22 டெசிபெல் குறைவு. ஷூர் நிறுவனமே அதற்கு 60 டெசிபெல் கெயினாவது வேண்டும் என்கிறது, அதுவும் பேச்சுக்கு. உங்கள் சோலோவின் உச்சமே 56. கிளவுட்லிஃப்டர் போட்டு 25 டெசிபெல் ஏற்றலாம்தான். ஆனால் பணம் முழுவதும் அங்கேயே கரைந்துவிடும், கடைசிச் சுரம் அப்போதும் இரைச்சலை ஒட்டியே நிற்கும்.

நீங்கள் பார்க்க வேண்டியது ஒரே ஒரு எண். அது உங்கள் தாளிலேயே இருக்கிறது: செல்ஃப் நாய்ஸ். எதிரே யாரும் வாசிக்காதபோதும் மைக் தானாகப் போடுகிற சத்தம் அது. 20 என்றால், முழு மௌனத்திலும் 20 டெசிபெல் அளவுக்கு ஓர் இரைச்சல் அங்கே இருந்துகொண்டே இருக்கிறது என்று பொருள். டிரம்ஸுக்கும் நாகஸ்வரத்துக்கும் இது ஒரு பொருட்டே இல்லை. வீணைக்கு இதுதான் எல்லாம். ஆடியோ டெக்னிக்காவின் ஏடி2035 இதில் 12. ரோட் என்டி1 ஐந்தாம் தலைமுறை 4. பல மடங்கு விலையுள்ள நாய்மன் டிஎல்எம்103 கூட 7தான். ஜோடியாக வருகிற சின்ன டயஃப்ரம் (ஒலி பட்டு அதிர்கிற சவ்வு) மைக்குகளை யாராவது சிபாரிசு செய்வார்கள், தந்தி வாத்தியத்துக்கு அவை அழகாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் டயஃப்ரம் சிறுத்தால் அது பிடிக்கிற ஒலியும் சிறுக்கும், இரைச்சல் ஏறும். ரோட் என்டி5 இதில் 16. உங்கள் காரியத்துக்கு என்டி1 போதும். பட்ஜெட்டில் மீதியும் நிற்கும்.

ஆனால் நாளைக்கே வாங்கிவிடாதீர்கள். முதலில் ஒரு சோதனை. யாரும் வாசிக்காமல் அரை நிமிஷம் பதிவு செய்யுங்கள். பிறகு கெயினைத் தொடாமல், மைக்கை இரண்டு ஜமுக்காளத்தில் சுற்றித் துணி பீரோவுக்குள் வைத்துக் கதவை மூடி இன்னொரு அரை நிமிஷம். இரைச்சல் குறைந்தால் அது அறையின் சத்தம், எந்த மைக் வாங்கினாலும் கூடவே வரும். குறையாவிட்டால் மைக்கின் சத்தம்.

அடுத்து தூரம். 5 அடியிலிருந்து 2 அடிக்கு வந்தால் 8 டெசிபெல் கூடுதலாகக் கிடைக்கும், ஒரு பைசா செலவில்லை. அம்மாவின் பார்வையில் படாமல் வைக்க வழி இருக்கிறது. ஸ்டாண்டைப் பக்கவாட்டில் நிறுத்தி, கையை மட்டும் தாழ்வாக நீட்டுங்கள்.

இப்போது அந்த ‘கும்’. இதை எழுதும்போது எனக்கே உற்சாகமாக இருக்கிறது, ஏனென்றால் உங்கள் வீணையும் உங்கள் அறையும் ஒரே சுருதியில் சேர்ந்திருக்கின்றன. நம் ஊர் வெக்கையில் ஒலி வினாடிக்குச் சுமார் 349 மீட்டர் ஓடும். உங்கள் அறை 3.12 மீட்டர். போய்த் திரும்பும் தூரத்தால் வகுத்தால் 56 ஹெர்ட்ஸ். அதன் இரட்டிப்பு 112. இந்த இரண்டு இடத்திலும் அறை தானாகவே முழங்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாகிவிட்டதால் மூன்று முழக்கமும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருக்கின்றன. 2 கட்டையில் உங்கள் பஞ்சமத் தந்தி 110 ஹெர்ட்ஸ், அனுமந்திரம் 55. போதாததற்கு மைக் சுவரோரம் இருக்கிறது, அந்த முழக்கம் உச்சத்தில் இருக்கிற இடமே சுவர்தான்.

112 ஹெர்ட்ஸ் முழக்கம் அடங்கிப்போகிற இடம் ஒவ்வொரு சுவரிலிருந்தும் கால் பங்கு தூரத்தில் இருக்கிறது. பக்கத்துச் சுவர் இரண்டிலிருந்தும் இரண்டரை அடி, தரையிலிருந்தும் இரண்டரை அடி, அங்கே மைக்கை வையுங்கள். தரையில் உட்கார்ந்து வாசிக்கிற வாத்தியத்துக்கு இரண்டரை அடி உயரம் பொருத்தமாகவே அமையும். அம்மாவை மைக்குக்கு ஏற்ப நகர்த்தி உட்கார வையுங்கள். 56 இதில் முழுசாகப் போகாது, குறையும்.

மிச்சப் பணத்தில் ராக்வூல் (ஒலியை உறிஞ்சுகிற பாறை இழைப் பலகை) வாங்குங்கள். ஏசி டக்ட், பாய்லர் இன்சுலேஷன் சாமான் விற்கிற இடத்தில் பலகையாகக் கிடைக்கும், கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி என்று கேளுங்கள். 2 அங்குலப் பலகை இரண்டை அடுக்கிக் காடாத் துணியில் நன்றாகச் சுற்றித் தைத்து (தூசி மூச்சில் போகக் கூடாது), நான்கு மூலையிலும் குறுக்காக நிறுத்துங்கள். ஒரு அங்குல ஃபோமும் முட்டை அட்டையும் இந்தக் கும்மைத் தொடக்கூடத் தொடாது.

கோவை வைணிகி

பிக்கப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பலகையில் ஒட்டினால் பலகையின் அதிர்வு மட்டும்தான் வரும். சபாவில் ஸ்பீக்கர் சத்தம் திரும்ப வந்து ஊளையிடாமல் இருக்க அது வேண்டும், சரி. ஆனால் குடத்துக்குள் சுழன்று காற்றில் வருகிற நாதம் அதில் இருக்காது. அம்மாவின் வாசிப்பை அதில் மட்டும் எடுத்து வைத்துவிடாதீர்கள்.

மைக்கைக் குதிரைக்கு நேராகக் காட்டினால் தகரம் தட்டினது போல இருக்கும். குடமும் தண்டியும் சேருகிற இடத்தைப் பார்த்துக் காட்டுங்கள், அங்கே மீட்டும் இழுப்பும் சமமாக வரும். என்டி1 மாதிரி மைக்கில் நுனியில் அல்ல, பக்கவாட்டில்தான் முகம். புள்ளி வைத்த பக்கம் வீணையைப் பார்க்க வேண்டும். நான் முதல் மாதம் திருப்பி வைத்தே வாசித்தேன்.

மழைக்காலத்தில் மைக்கை ஸ்டாண்டிலேயே விட்டுவிடாதீர்கள். ஈரம் ஏறினால் கண்டன்சர் படபடவென்று பொரியும். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.

குடந்தை வீணை டீச்சர்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

பீரோ சோதனை: பகல் 11 மணிக்கு வெளியே எடுத்ததற்கும் பீரோவுக்குள் எடுத்ததற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அடுத்த அறை ஃபிரிட்ஜ் இவ்வளவு பேசும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. மறுநாள் விடியற்காலை 4 மணிக்கு ஃபிரிட்ஜ், மின்விசிறி, இன்வர்ட்டர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு எடுத்தேன். இப்போது வெளியேயும் உள்ளேயும் ஒரே உஸ். ஆக, பகலில் குற்றம் அறையுடையது, விடியற்காலையில் மைக்குடையது. ரிக்கார்டிஸ்ட் சார், இந்த ஒரு சோதனை சொன்னதற்கே உங்களுக்கு நமஸ்காரம் சொல்ல வேண்டும்.

மைக்கை இரண்டரை அடிக் கணக்குப்படி வைத்தேன். அம்மாவைக் கிழக்கு மூலைப் பக்கம் நகர்த்தியதில் முதல் நாள் அவருக்குப் பிடிக்கவில்லை, இத்தனை வருஷம் ஒரே இடத்தில் உட்கார்ந்தவர். ஆனால் பஞ்சமத் தந்தியின் ‘கும்’ அன்றைக்கே பாதிக்கு மேல் போய்விட்டது, ராக்வூல் வருவதற்கு முன்னாலேயே. அனுமந்திரத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. தரையில் பவானி ஜமுக்காளம் இரண்டு மடித்து விரித்திருக்கிறேன், மொசைக்கின் கிணுகிணுப்பு குறைந்தது.

என் மாணவி ஒருத்தியின் அப்பா தேவாலயப் பாடகர் குழுவுக்கு ஒலி அமைக்கிறார். அவரிடம் என்டி1 இருந்தது, ஒரு வாரம் இரவல் கொடுத்தார். பழைய மைக்கையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே தோடி வர்ணத்தை எடுத்தேன். மீட்டு விழுகிற இடத்தில் பெரிய வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன். பழைய மைக்கில் மீட்டு இன்னும் துலக்கமாகவே இருக்கிறது என்றுகூட எனக்குப் பட்டது. வால் பகுதியில்தான் தெரிகிறது. இழுப்பு மேலே போய் இறங்கி நிற்கிற இடம் வரை, அதற்கும் பிறகு தந்தி மெட்டில் உரசி அடங்குகிறது வரை, எல்லாம் கேட்கிறது. அன்றைக்கே சொந்தமாக ஒன்று ஆர்டர் செய்துவிட்டேன்.

நெல்லைத் தம்பி, உங்கள் பதிலும் வீணாகவில்லை. தூரம்தான் விஷயம் என்பது அதை வைத்துப் பேசும்போதுதானே விளங்கியது. லேப்டாப் சார்ஜரைக் கழற்றினால் இன்னொரு மெல்லிய ரீங்காரமும் நிற்கிறது என்று நானாகக் கண்டுபிடித்தேன், எங்கள் வீட்டு எர்த்தில் ஏதோ குறை, எலக்ட்ரீஷியனை வரச் சொல்லியிருக்கிறேன். அதுவரை பேட்டரியில் ஓடுகிறது.

இப்போது பதிவு நேரம் விடியற்காலை 4 மணியிலிருந்து ஐந்தேகால் வரைக்கும்தான். அதற்குப் பிறகு கோயில் மணி, பால் வண்டி எல்லாம் தொடங்கிவிடும். அம்மாவுக்கு அந்த நேரத்தில் விரல் மடங்குவதில்லை என்பதால் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பார், பிறகு வாசிப்பார்.

போன சனிக்கிழமை எடுத்ததை ஹெட்ஃபோனில் போட்டுக் கேட்க வைத்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தவர் ஓரிடத்தில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். “இந்தக் காந்தாரத்தை முடிக்கிற இடத்துல ஒரு இழை தூக்கிட்டேன். அழி, மறுபடி எடுக்கலாம்” என்றார்.

எடுத்தோம். 41இல் 3 முடிந்திருக்கிறது.