ஜெய்கிஷன் போன பிறகும் அதே பெயர்: சங்கர் செய்தது சரியா?

வால்வு ரேடியோ:
போன வாரம் பழைய இசைத்தட்டுக் கடையில் ‘சன்யாசி’ என்ற இந்திப் படத்தின் தட்டு கிடைத்தது. 1975ஆம் வருஷப் படம். உறையில் ‘இசை: சங்கர்–ஜெய்கிஷன்’ என்று அந்த இந்தி இசை ஜோடியின் பெயர் போட்டிருக்கிறது. ஜெய்கிஷன் கல்லீரல் கெட்டு இறந்துபோனது 1971 செப்டம்பர் 12. நாலு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தவர் இந்தப் படத்துக்கு எப்படி மெட்டுப் போட்டார்?

சங்கர் அதற்கப்புறமும் ஜோடிப் பெயரிலேயே படம் செய்துகொண்டிருந்தார். எனக்கு இது சரியாகப் படவில்லை. 1949இல் ‘பர்சாத்’, அப்புறம் ‘ஆவாரா’, ‘ஸ்ரீ 420’, ‘சங்கம்’ என்று இரண்டு பேர் சேர்ந்து சம்பாதித்த பெயர் அது. அதை ஒருவர் தனியாகச் செலவழித்தார். செலவழித்தார் என்று தெரிந்துதான் சொல்கிறேன், 1971க்குப் பிறகு வரவு ஏதும் இல்லை.

நம்மூர் விஸ்வநாதன்–ராமமூர்த்தியைப் பாருங்கள். 1965இல் பிரிந்தார்கள். அதோடு ஜோடிப் பெயரும் நின்றது. 1995இல் ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்துக்கு மறுபடி சேர்ந்தபோதுதான் அந்தப் பெயர் திரும்ப வந்தது. அதுதான் நாணயம்.

மாட்டுங்கா மாமி:
நாணயம் என்று பெரிய வார்த்தையெல்லாம் எதற்கு? விஸ்வநாதன்–ராமமூர்த்தி இரண்டு பேரும் உயிரோடு இருந்து பிரிந்தவர்கள். ஒருவர் மட்டும் இரண்டு பெயரையும் போட்டிருந்தால் மற்றவர் சும்மா விடுவாரா? இங்கே பிரிவே இல்லை, சாவுதான். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

இன்னொன்று. ஜெய்கிஷனைப் பிருத்வி தியேட்டர் நாடகக் குழுவுக்குள் அழைத்து வந்ததே சங்கர்தான். ஹைதராபாத்தில் வளர்ந்த தபலாக்காரர் அவர். ஜெய்கிஷன் குஜராத்தின் வான்ஸ்தாவிலிருந்து ஆர்மோனியத்தோடு பம்பாய் வந்த பையன், ஏழு வயது சின்னவர். வாய்ப்புக்காக ஒரு டைரக்டரின் அலுவலகத்தில் காத்திருந்த இடத்தில் பழக்கம் என்பார்கள். அங்கிருந்து இருபது வருஷத்துக்கு மேல் ஒன்றாக உழைத்திருக்கிறார்கள். 41 வயதில் அவன் போய்விட்டான். மறுவாரமே ‘இசை: சங்கர்’ என்று போட்டிருந்தால் நீங்களே ‘பார்த்தீர்களா, இதற்குத்தான் காத்திருந்தான்’ என்று எழுதியிருப்பீர்கள்.

எங்கள் பேட்டையில் இரண்டு பங்காளிகள் பெயரில் ஓடும் கடைகள் இருக்கின்றன. ஒருவர் காலமானால் பலகையைக் கழற்றுவதில்லை, படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றிவிட்டு மறுநாள் கடையைத் திறக்கிறார்கள்.

சும்மா ஒருத்தன்:
மாமி, கடையில் பருப்பு அதே பருப்பு. இங்கே சரக்கே மாறிப்போச்சே.

வால்வு ரேடியோ:
அதைத்தான் சொல்கிறேன். பெயர் என்ன வேலை செய்தது என்பதற்கு 1973 ஃபிலிம்ஃபேர் விருதுகளைப் பாருங்கள். சிறந்த இசைக்கான பரிசு ‘பெய்மான்’ படத்துக்கு, சங்கர்–ஜெய்கிஷனுக்கு. போட்டியில் இருந்தது குலாம் முகமதின் ‘பாகீஸா’. ‘பெய்மா’னில் நடித்ததற்காகத் துணை நடிகர் பரிசு பெற்ற பிரானே, ‘பாகீஸா’வின் இசைக்குக் கொடுக்காததைக் கண்டித்துத் தன் பரிசை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தன் படத்தின் இசைக்கு எதிராகவே ஒரு நடிகர்!

குலாம் முகமது 1968இலேயே இறந்துவிட்டார், படம் வந்தது 1972இல். ஆக அந்த வருஷம் செத்துப்போன ஒருவர் நிஜமாகவே போட்ட பாட்டுக்குப் பரிசு இல்லை. செத்துப்போன இன்னொருவர் போடாத பாட்டுக்குப் பரிசில் அவர் பெயர். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மாட்டுங்கா மாமி:
பிரான் செய்தது சரி. ‘பாகீஸா’வுக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும், அதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் இது ஜெய்கிஷன் செத்த பிறகு வந்த வியாதி என்று சொல்லாதீர்கள். அவர் இருக்கும்போதே 1961இல் நௌஷாதின் ‘முகல்-ஏ-ஆஸம்’ இருக்க, ‘தில் அப்னா ஔர் ப்ரீத் பராய்’க்குக் கொடுத்தார்கள். 1967இல் பர்மனின் ‘கைட்’ இருக்க, ‘சூரஜ்’ஜுக்குக் கொடுத்தார்கள். பரிசு கொடுத்தவர்கள் கோணல் அது.

வால்வு ரேடியோ:
என் வேலையைச் சுலபமாக்கிவிட்டீர்கள். ஒன்பது ஃபிலிம்ஃபேர் என்று ரசிகர்கள் மார்தட்டும்போது இந்த மூன்றையும் ஞாபகப்படுத்துகிறேன்.

மாட்டுங்கா மாமி:
தாராளமாக. ஆனால் நான் முக்கியமாகக் கேட்க வந்ததற்கு இன்னும் பதில் வரவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். இந்த இரண்டு பேரும் ஒரு பாட்டுக்கு உட்கார்ந்து ஆளுக்கு ஒரு வரி மெட்டுப் போட்டவர்கள் இல்லை. பெரும்பாலும் தனித்தனியாகத்தான் போட்டார்கள். எது யாருடையது என்று வெளியே சொல்வதில்லை என்பது ஒப்பந்தம். பொதுவாகப் பாட்டு வரியை சைலேந்திரா எழுதினால் மெட்டு சங்கர், ஹஸ்ரத் ஜெய்ப்பூரி எழுதினால் ஜெய்கிஷன் என்பார்கள், விதிவிலக்கு உண்டு.

அப்படியானால் 1951இலும் ‘ஜெய்கிஷன்’ என்ற பெயர் அவர் போடாத பாட்டில் இருந்தது. ‘சங்கர்’ என்ற பெயர் அவர் போடாத பாட்டில் இருந்தது. அன்றைக்கு அது நட்பு, 1975இல் மோசடியா?

சும்மா ஒருத்தன்:
வால்வு அண்ணே, வால்வு சூடாகிவிட்டதா? சத்தத்தைக் காணோம்.

அக்கார்டியன்காரன்:
நான் மெல்லிசைக் குழுவில் முப்பது வருஷம் வாசித்தவன். இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்கிறீர்கள். சங்கர்–ஜெய்கிஷன் என்பது இரண்டு ஆள் இல்லை. குறைந்தது ஆறு ஆள்.

கோவாக்காரர் செபாஸ்டியன் டிசூசா. அந்த வயலின் கூட்டம் எங்கே ஏற வேண்டும், பாடகர் மூச்சு விடும் இடத்தில் என்ன வர வேண்டும் என்று நொட்டேஷன் எழுதியவர் அவர். மெட்டுக்குப் பின்னால் வேறொரு மெட்டை ஓடவிடுவார், கவனித்துக் கேட்டால்தான் பிடிபடும். அடுத்தவர் தத்தாராம். டோலக்கில் அவர் போட்ட ஒரு நடைக்கு இன்றைக்கும் தாளக்காரர்கள் ‘தத்தாராம் டேகா’ என்றுதான் சொல்வார்கள். ஒரு வாத்தியக்காரன் பெயர் ஒரு தாளத்துக்கு நிற்கிறது என்றால் சும்மாவா? அப்புறம் இரண்டு கவிஞர்கள். சைலேந்திரா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர், ஹஸ்ரத் பஸ் கண்டக்டர். தெருவில் நடக்கிறவன் முணுமுணுக்கிற மாதிரி வார்த்தை வந்தது அங்கிருந்துதான்.

‘ஸ்ரீ 420’இல் ‘ராமையா வஸ்தாவையா’ என்று ஒரு பாட்டு. அது இந்தியே இல்லை, தெலுங்கு. ‘ராமையா, வருவாயா?’ ஹைதராபாத் சங்கர் வாயில் வந்தது. அதற்கு இந்தி வரி சேர்த்தது சைலேந்திரா. ராகம் பைரவி. (நம் கர்நாடக பைரவி இல்லை, சிந்துபைரவிக்குப் பக்கத்து வீடு.) ‘ஆவாரா ஹூன்’ பைரவி, ‘தோஸ்த் தோஸ்த் ந ரஹா’ பைரவி. ஒரே ராகத்தில் குதூகலமும் போடுவார்கள், நெஞ்சு உடைகிறதும் போடுவார்கள். இதில் எது சங்கர், எது தத்தாராம், எது சைலேந்திரா என்று பிரித்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

ஆகவே வீழ்ச்சி 1971இல் ஆரம்பிக்கவில்லை. 1966 டிசம்பர் 14இல் சைலேந்திரா செத்தார், ‘தீஸ்ரீ கசம்’ தயாரித்துக் கடனாளியாகி. என் கணக்கில் பெயரைக் கழற்றியிருக்க வேண்டிய நாள் அதுதான். ஆனால் பலகையில் அவர் பெயர் இருந்ததே இல்லையே, எதைக் கழற்றுவது?

வால்வு ரேடியோ:
சூடாகவில்லை, வேலைக்குப் போயிருந்தேன்.

அக்கார்டியன் சார், உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். ஆனால் ஆறு பேர் என்று சொல்லிச் சொல்லி ஜெய்கிஷனைக் கரைத்துவிட்டீர்கள். பின்னணி இசை யார் வேலை? அது ஜெய்கிஷன் துறை என்றுதான் அந்தக் காலத்து ஆட்கள் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். மற்ற எல்லோரும் இருந்தும் 1971க்குப் பிறகு அது போய்விட்டதே.

மாமிக்கு: அந்த ரகசிய ஒப்பந்தமே ‘சங்கம்’ சமயத்தில் உடைந்துவிட்டதே! காதல் கடிதப் பாட்டு தன்னுடையது என்று ஜெய்கிஷன் பத்திரிகையில் சொல்லிவிட்டார், சங்கருக்கு அது தாங்கவில்லை என்று எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள். அப்புறம் படத்தையே ஆளுக்கு ஒன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே பாகப்பிரிவினை முடிந்துவிட்டது, வாசலில் மட்டும் ஒரே பலகை. அந்தப் பெயரை 1975வரை இழுத்துக்கொண்டு வந்ததை நட்பு என்கிறீர்கள். நான் வியாபாரம் என்கிறேன். 1965இல் அதே ‘சங்க’த்தைத் தோற்கடித்து ‘தோஸ்தி’க்காக ஃபிலிம்ஃபேர் வாங்கியது லட்சுமிகாந்த்–பியாரேலால் என்ற இன்னொரு ஜோடி. ‘பர்சாத்’தும் ‘சங்க’மும் எடுத்த ராஜ் கபூர் 1973இல் ‘பாபி’க்குப் போனதும் அவர்களிடம்தான். சந்தையில் பெயரை விட்டால் சங்கருக்கு வேறு பிடிமானம் இல்லை.

கும்பகோணம் டிகிரி:
உடைந்த கதையில் ஒரு பெயரை எல்லோரும் நாசூக்காகத் தாண்டிப் போகிறீர்கள். சாரதா. நம் தமிழ் ஐயங்கார் வீட்டுப் பெண். டெஹ்ரானில் ஒரு வீட்டு விருந்தில் பாடியதை ராஜ் கபூர் கேட்டு பம்பாய்க்கு வரச் சொன்னார், சங்கர் பாடவைத்தார். 1966இல் ‘சூரஜ்’ படத்தில் ‘தித்லி உடி’. அப்போது ஃபிலிம்ஃபேரில் பின்னணிப் பாட்டுக்கு ஆண், பெண் இருவருக்கும் சேர்த்து ஒரே பரிசு. அதே படத்தில் ரஃபி பாடியதற்குப் பரிசு போனது, சாரதாவுக்குத் தனியாக ஒரு சிறப்புப் பரிசு கொடுத்தார்கள். அடுத்த வருஷத்திலிருந்து ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று பிரித்துவிட்டார்கள்.

ஜெய்கிஷன் லதாவை விடவில்லை, சங்கர் சாரதாவை விடவில்லை, அதனால் ஜோடி முறிந்தது என்று 50 வருஷமாக எழுதுகிறார்கள். 2023இல் சாரதா இறந்தபோது வந்த குறிப்புகளிலும் அதே பல்லவி. இரண்டு ஆம்பிளைகள் சண்டைக்கு ஒரு பாட்டுக்காரி காரணமா?

மாட்டுங்கா மாமி:
டிகிரி சொல்வது நூற்றுக்கு நூறு. ஆனால் சாரதா குரல் எனக்குக் கொஞ்சம் மூக்கடைத்த மாதிரிதான் இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வால்வுக்கு இரண்டு விஷயம். ‘பாபி’க்கு லட்சுமிகாந்த்–பியாரேலாலிடம் போனதற்குக் காரணம் அவர் எடுத்த ‘மேரா நாம் ஜோக்கர்’ கவிழ்ந்து கபூர் தலைக்குமேல் கடனில் இருந்தது. 16 வயதுப் பெண், புது ஹீரோ, எல்லாமே புதுசு. ஜெய்கிஷன் உயிரோடு இருந்திருந்தாலும் போயிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர் இருக்கும்போதே 1956இல் ‘ஜாக்தே ரஹோ’வைச் சலீல் சௌத்ரியிடம் கொடுத்தவர்தானே? அதோடு 1969இல் ‘ஆராதனா’ வந்து பாடகர் கிஷோர் குமார் அலை அடித்தது. முகேஷையும் ரஃபியையும் நம்பிக் கட்டிய வீடு எல்லோருக்கும் ஆடியது.

இரண்டாவது, நீங்கள் விலை கொடுத்து வாங்கிய தட்டு. ‘சன்யாசி’. அந்த ‘சல் சன்யாசி’யைக் கேட்டீர்களா இல்லையா? லதா மறுபடி சங்கருக்குப் பாடியது. ஊரெல்லாம் ஓடிய பாட்டு. வரவே இல்லை என்று முதல் பதிவில் எழுதினீர்களே!

அக்கார்டியன்காரன்:
பின்னணி இசை விஷயத்தில் வால்வு சொல்வது சரிதான், நான் அவசரப்பட்டுவிட்டேன். ‘சங்கம்’ படத்தைப் பாட்டைத் தள்ளிவிட்டுப் பாருங்கள். ஆள் பேசாமல் நிற்கிற இடங்களில் வயலின் பேசுகிறது. ‘சன்யாசி’யில் அந்த இடங்களில் ஒன்றும் இல்லை. பாட்டு மட்டும் இருக்கிறது.

இன்னொன்று, பேச்சோடு பேச்சாக. 1968இல் ‘ராகா ஜாஸ் ஸ்டைல்’ என்று ஒரு தட்டு போட்டார்கள், சினிமா இல்லை. சிதார் ரயீஸ் கான், சாக்ஸபோன் மனோஹாரி சிங். 11 ராகம். ஜோடி உடைந்துவிட்டது, உள்ளே பாகப்பிரிவினை என்று நீங்கள் சொல்கிற அதே காலத்தில் வந்தது. அதைக் கேட்டுவிட்டு வந்து சண்டை போடுங்கள்.

சும்மா ஒருத்தன்:
எனக்கு ஒரே சந்தேகம். விஸ்வநாதன்–ராமமூர்த்தி பெயர் வந்ததே, வடக்கே சங்கர்–ஜெய்கிஷன் இருக்கிற மாதிரி நீங்களும் ஜோடியாகச் செய்யுங்கள் என்று என்.எஸ்.கே. சொன்னதால்தான் என்பார்களே, ‘பணம்’ படத்துக்கு. காப்பி அடித்தவனை வைத்து ஒரிஜினலைத் திட்டுகிறீர்களா அண்ணே?

வால்வு ரேடியோ:
1952இல் அவர்களைப் பார்த்து இவர்கள் கற்றார்கள், 1971இல் இவர்களைப் பார்த்து அவர் கற்றிருக்கலாம், அவ்வளவுதான்.

‘சல் சன்யாசி’ நல்ல பாட்டு. கேட்டேன், நாலு தடவை. வரவு இல்லை என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன், ஒரு பாட்டு அளவுக்கு. ஆனால் அது ‘இசை: சங்கர்’ என்று போட்டிருந்தாலும் ஓடியிருக்கும். அப்படி ஓடியிருந்தால் இன்றைக்குச் சங்கர் யார், ஜெய்கிஷன் யார் என்று நாம் இவ்வளவு தூரம் தோண்ட வேண்டியதில்லை. ஜெய்கிஷனுக்கு மட்டும் இல்லை, சங்கருக்கும் அந்தப் பலகை அநியாயம்தான் செய்திருக்கிறது.

மாட்டுங்கா மாமி:
ஓஹோ, இப்போது சங்கருக்காக அழுகிறீர்களா? முதல் பதிவில் அவர்தானே திருடன்!

வால்வு ரேடியோ:
செலவழித்தார் என்றுதான் எழுதினேன். திருடன் என்று எழுதவில்லை. மேலே போய்ப் பாருங்கள்.

அக்கார்டியன் சார், அந்த ஜாஸ் தட்டு உங்களிடம் இருக்கிறதா?

அக்கார்டியன்காரன்:
இருக்கிறது. இரவல் கொடுப்பதில்லை. வீட்டுக்கு வந்தால் போட்டுக் காட்டுகிறேன்.