மேக்கில் இருந்து டாலி திறக்க முடியவில்லை, அவசரம்!!

மாடிவீட்டுக்காரன் | இரவு 8:50
கடைக் கணக்கெல்லாம் கீழே இருக்கும் விண்டோஸ் கம்ப்யூட்டரில், டாலியில் இருக்கிறது. மகன் ஒரு மேக்புக் வாங்கிக் கொடுத்து, மாடியில் உட்கார்ந்தபடியே அதைத் திறக்க ஏதோ ஆப் போட்டுக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். போன வாரம் வரை நன்றாக வந்தது. இப்போது கனெக்ட் ஆகவில்லை, எரர் வருகிறது. முழு டெஸ்க்டாப்கூட வேண்டாம், டாலி மட்டும் வந்தால் போதும். 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி ரிட்டர்ன், அந்த 3பி படிவம், போட வேண்டும். முழங்கால் வலி, படி இறங்க முடியவில்லை. யாராவது உடனே சொல்லுங்கள்.

கேபிள்கந்தன் | 8:58
என்ன ஆப்? என்ன எரர்? விண்டோஸ் ஹோமா, ப்ரோவா? (ஹோம் என்றால் ரிமோட்டில் உள்ளே விடாது.) கீழே மெஷின் ஆனில் இருக்கிறதா, தூங்கிவிட்டதா?

பின்கோடு | 9:03
பின் நம்பர்தான் பிரச்சினை சார், நூற்றுக்கு நூறு. கீழே நான்கு இலக்க பின் போட்டு உள்ளே போவீர்கள். ரிமோட்டில் அது செல்லாது, மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டுதான் வேண்டும். எங்கள் ஆபீசில் இதே கதை.

பழையடாஸ் | 9:10
பின் தப்பென்றால் கதவு வரை போய்த் திரும்பியிருப்பார். இவர் தெருவையே தாண்டவில்லை போலிருக்கிறது. எரர் எண்ணைக் கேட்காமல் மருந்து எழுதும் பழக்கம் இங்கே எப்போது ஒழியுமோ. கேள்வி கேட்பவரும் "ஏதோ ஆப், ஏதோ எரர்" என்றால் நாங்கள் என்ன ஜோசியமா பார்க்கிறோம்?

மாடிவீட்டுக்காரன் | 9:21
கோபப்படாதீர்கள் சார். 0x204 என்று வருகிறது. ஆப்பின் பெயர் "விண்டோஸ் ஆப்". கீழே ப்ரோதான், பையன் இப்போதுகூட அதில் பில் போட்டுக்கொண்டிருக்கிறான்.

கேபிள்கந்தன் | 9:25
0x204 என்றால் மெஷினை எட்டவே முடியவில்லை என்று பொருள். இரண்டு ரவுட்டர் இருக்கிறதா? மேக் கெஸ்ட் வைஃபையில் இருந்தாலும் இப்படித்தான் ஆகும். கீழே ஐபி (நெட்வொர்க்கில் மெஷினின் முகவரி) 192.168.1 என்றும் மேலே 192.168.0 என்றும் இருந்தால் அங்கேதான் சிக்கல். ஒன்று சொல்லிவிடுகிறேன்: நீங்கள் உள்ளே நுழைந்த நொடியில் கீழே பையனின் திரை பூட்டிக்கொள்ளும். ப்ரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். டாலி ஜன்னல் மட்டும் தனியாக வருவது சர்வருக்கான வசதி, அதை அப்புறம் பார்க்கலாம்.

ரவுட்டர்ராசா | 9:31
ரொம்ப சுலபம். ரவுட்டரில் 3389 போர்ட்டை, அதாவது ரிமோட் நுழையும் வாசலை, திறந்துவிடுங்கள். வெளியூரில் இருந்தும் வரும்.

பழையடாஸ் | 9:34
ஐயோ வேண்டாம்! ஒரே வீட்டுக்குள் போக வாசல் கதவை எதற்குத் திறக்க வேண்டும்? 2019இல் ரிமோட் வசதியில் ப்ளூகீப் என்று ஒரு ஓட்டை வந்ததே, ஞாபகம் இல்லையா?

ரவுட்டர்ராசா | 9:38
அது விண்டோஸ் 7க்கும் அதற்கு முந்தையவற்றுக்கும் வந்தது. 10ஐத் தொடவில்லை. பூச்சாண்டி காட்டாதீர்கள்.

பழையடாஸ் | 9:41
ஓட்டை இல்லாவிட்டாலும் 3389ஐத் திறந்து வைத்தால் பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கும் ரோபோக்கள் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். வெளியூரில் இருந்து வேண்டுமென்றால் விபிஎன் (வீட்டு நெட்வொர்க்குக்குள் வர பூட்டிய தனிவழி) போடுங்கள்.

சும்மாஒருகை | 9:44
பேரலல்ஸ் வாங்கி மேக்கிலேயே விண்டோஸ் போட்டால் இந்தத் தலைவலியே இல்லையே? கணக்கு எழுதுகிறவருக்கு எதற்கு மேக் என்பது வேறு கேள்வி.

ரவுட்டர்ராசா | 9:46
அதற்கு விண்டோஸ் லைசென்ஸ், பேரலல்ஸ் பணம், எல்லாம் நீங்கள் கட்டுவீர்களா? கணக்கு கீழே, இவர் மேலே என்றால் டேட்டாவை யார் தூக்கிக்கொண்டு வருவது?

ஈரோட்டுக்காரி | 9:52
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். அண்ணா, மேக்கில் டெர்மினல் திறந்து 'என்சி' கட்டளையில் கீழே உள்ள ஐபியையும் 3389ஐயும் கொடுத்துப் பாருங்கள், மேக்கில் இருந்து கீழ் மெஷினை எட்ட முடிகிறதா என்று தெரிந்துவிடும். எழுத வேண்டிய வரியைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். இன்னொன்று, போன வாரம் மேக்கில் ஏதாவது அப்டேட் செய்தீர்களா?

மாடிவீட்டுக்காரன் | 10:15
"சக்சீடட்" என்று வந்தது அம்மா. அப்டேட் கேட்டுக்கொண்டே இருந்தது, சனிக்கிழமை சரி என்று அழுத்திவிட்டேன். அதற்கப்புறம் ஆப்பைத் திறந்தபோது வீட்டு நெட்வொர்க்கில் உள்ள கருவிகளைத் தேடலாமா என்று கேட்டது. இப்போதெல்லாம் எங்கு பார்த்தாலும் மோசடி, அதனால் வேண்டாம் என்று அழுத்தினேன்.

ஈரோட்டுக்காரி | 10:18
அதேதான். 2024இல் வந்த சிகோயா என்ற மேக் சிஸ்டம் பதிப்பில் இருந்து, வீட்டு நெட்வொர்க்கைத் தொடும் ஒவ்வொரு ஆப்பும் அனுமதி கேட்கும். டெர்மினலில் ஓடும் கட்டளைக்கு அந்தத் தடை இல்லை. அதனால்தான் 'என்சி' போகிறது, ஆப் போகவில்லை. ரவுட்டர், கீழ் மெஷின் எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. சிஸ்டம் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதில் லோக்கல் நெட்வொர்க். அங்கே விண்டோஸ் ஆப்புக்கு எதிரே உள்ள பொத்தானை ஆன் செய்து, ஆப்பை முழுக்க மூடித் திறங்கள்.

கேபிள்கந்தன் | 10:24
ரவுட்டரைப் பிடித்துக்கொண்டு தொங்கியது என் தப்பு. அந்த ஆப்புக்கு "விண்டோஸ் ஆப்" என்று எவர் பெயர் வைத்தாரோ. "ரிமோட் டெஸ்க்டாப்" என்று இருந்தவரை தேடினால் கிடைத்தது. இப்போது தேடினால் உலகத்தில் உள்ள அத்தனை விண்டோஸ் ஆப்பும் வருகிறது.

மாடிவீட்டுக்காரன் | 10:40
வந்துவிட்டது. நன்றி அம்மா. ஆனால் 3பிக்கு டிஜிட்டல் கையெழுத்து போடும் யுஎஸ்பி டோக்கன் கீழே சொருகியிருக்கிறது, மேலே இருந்து பார்த்தால் தெரியவில்லையே?

ஈரோட்டுக்காரி | 10:47
தெரியாது அண்ணா. ரிமோட்டில் நுழைந்தால் கீழே சொருகிய டோக்கனைக் கணக்கில் எடுக்காது, நீங்கள் உட்கார்ந்திருக்கும் மெஷினில் உள்ளதைத்தான் தேடும். டோக்கனை மேக்கில் சொருகலாம், ஆனால் அதற்கான டிரைவர் மேக்கில் இருக்க வேண்டும். உங்களுடையது தனி உரிமையாளர் கடை என்றால் டோக்கனே வேண்டாம், ஓடிபி போதும். கம்பெனி அல்லது எல்எல்பி (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு நிறுவனம்) என்றால் டோக்கன் கட்டாயம்.

பின்கோடு | 10:52
டோக்கனுக்கும் பின் உண்டு, அதைச் சரியாகப் போட்டீர்களா சார்?

ஈரோட்டுக்காரி | மறுநாள் காலை 7:30
அண்ணா, 3பி போட்டாயிற்றா? எந்த வகைக் கடை என்று சொல்லவே இல்லையே.

புதுமுகம்7 | மறுநாள் மாலை 4:05
எனக்கும் இதே 0x204. லோக்கல் நெட்வொர்க் ஆனில்தான் இருக்கிறது. என்னுடையது விண்டோஸ் ஹோம். யாராவது உதவுங்கள், அவசரம்.