பார்கோடு எண்ணால் தேடலில் சரக்கு காணாமல் போன கதைகள் இருந்தால் இங்கே போடுங்க

குழித்துறைக்காரன்:
மார்த்தாண்டம் பக்கத்துக் கடை ஒன்று. சரக்கு 500 கிராம் தேன் பாட்டில், கூகுள் ஷாப்பிங்கில் வந்து நின்ற படமோ ஏத்தங்காய் சிப்ஸ்! ஜிடிஐஎன் (பார்கோடுக்குக் கீழே இருக்கும் எண்) கட்டத்தில் 8901234567890. லேபிள் டிசைனில் மாதிரிக்கு வைத்த எண்ணை அச்சகத்தில் யாரும் மாற்றவில்லை. கொடுமை என்னவென்றால் கணக்கு உதைக்காது. முதல் 12 இலக்கத்தில் ஒற்றை இடங்களைக் கூட்டினால் 28. இரட்டை இடங்கள் 34, மூன்றால் பெருக்கினால் 102. இரண்டும் சேர்ந்து 130, பத்தின் மடங்கு, அதனால் சரிபார்க்க வைத்த கடைசி இலக்கம் (செக் டிஜிட்) 0. செக் டிஜிட் மட்டும் பார்க்கிற சாஃப்ட்வேர் விட்டுவிடும். அதே அச்சகத்தில் லேபிள் போட்ட சிப்ஸ்காரருக்கும் அதே எண். எண் ஒன்று என்றால் சரக்கும் ஒன்று என்றுதானே கூகுள்காரன் எடுத்துக்கொள்வான்.

கொழிஞ்சாம்பாறை கடை:
இங்கே எக்செல்தான் வில்லன். 13 இலக்கத்தை அப்படியே ஒட்டினால் 8.90123E+12 என்று காட்டும். அதை சிஎஸ்வியாக சேமித்துத் திரும்பத் திறந்தால் 8901230000000. நாற்பது சரக்குக்கும் கீழே வரை அதே எண், வரிசையாக. ஒட்டுவதற்கு முன்னால் அந்த நெடுவரிசையை (காலம்) டெக்ஸ்ட் ஆக்கணும். ஒட்டிய பிறகு மாற்றிப் பிரயோசனம் இல்லை. 0-வில் தொடங்கும் வெளிநாட்டு 12 இலக்க எண்களுக்கும் இதே கதிதான், முன் சைபர் போய்விடும்.

புளியரை_செக்போஸ்ட்:
ஒரு மிளகு வியாபாரி ஜிடிஐஎன் கட்டத்தில் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) லைசென்ஸ் நம்பரைப் போட்டிருந்தார். அதுவும் 14 இலக்கம், பெட்டிக்குப் போடும் ஜிடிஐஎன்னும் 14 இலக்கம். செக் டிஜிட் பத்தில் ஒரு தடவை தற்செயலாகப் பொருந்தும், அவருக்குப் பொருந்திவிட்டது. எம்பிஎன் (தயாரிப்பாளர் தானே வைக்கும் சரக்கு எண்) கட்டத்தில் எச்எஸ்என் (ஜிஎஸ்டிக்கான சரக்கு வகை எண்) வேறு.

செங்கோட்டை மொத்தம்:
குழித்துறை அண்ணாச்சி, ஜிடிஐஎன்னை சரி பண்ணிவிட்டால் தேன் மேலே வந்துவிடும் என்கிற மாதிரி இருக்கிறது உங்க பேச்சு. வராது. பத்துக் கடை விற்கிற ஒரே கம்பெனி சோப்புக்கு அந்த எண் உதவும், எல்லா விலையையும் ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டுவார்கள். சொந்த பிராண்டு தேனை வேறு யாரும் விற்கவில்லையே, எதோடு பொருத்துவது? அங்கே தலைப்பில் பிராண்டு, தேன் வகை, எடை இருக்கணும். ‘சுத்தமான தேன் பாட்டில்’ என்று எழுதினால் யார் தேடுவார்கள்?

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். எண்ணே வாங்காத சொந்தத் தயாரிப்பு என்றால் ஜிடிஐஎன் காலியாக இருக்கட்டும், பிராண்டும் உங்க எம்பிஎன்னும் போடுங்க. இரண்டுமே இல்லாத கைவேலைச் சரக்குக்கு மட்டும் ஐடென்டிஃபையர் எக்ஸிஸ்ட்ஸ் (அடையாள எண் உண்டா) என்ற இடத்தில் ‘நோ’. உறையில் பார்கோடு இருக்கும்போது ‘நோ’ போட்டால் நிராகரிப்பு வரலாம். 2-ல் தொடங்குகிற எண் கடைக்குள்ளே எடைபோட்டு ஒட்டுவதற்கு, வெளியே செல்லாது. ‘நூறு எண் மலிவு’ என்று மறுவிற்பனை செய்பவரிடம் வாங்காதீர்கள், அந்த முன்னெண் வேறொரு கம்பெனி பெயரில் பதிவாகியிருக்கும். பார்கோடு எண் கொடுக்கும் அமைப்பான ஜிஎஸ்1 இந்தியாவில் நேரே எடுங்க. 250, 500, 1 கிலோ மூன்றுக்கும் மூன்று எண். வேறு கம்பெனியின் மூன்று பாட்டிலைக் கட்டி நீங்களே செட்டாக விற்றால் ஒற்றைப் பாட்டிலின் எண், கூடவே மல்டிபேக் கட்டத்தில் 3. கூகுளுக்கு அனுப்பும் சரக்குப் பட்டியலில் (ஃபீட்) ஒரு எண், கடைப் பக்கத்தின் கோடில் இருக்கும் ஸ்கீமாவில் இன்னொன்று என்று விடாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை கடை:
அண்ணே, எண்ணின் தொடக்கத்தில் வரும் 890-ஐ விட்டுட்டீங்களே. அது இருந்தால் இந்தியாவில் செய்தது என்று பாதிப்பேர் நம்புகிறார்கள். எண் ஜிஎஸ்1 இந்தியாவில் பதிவானது, அவ்வளவுதான். சரக்கு எங்கே செய்தாலும் 890 வரும்.

குழித்துறைக்காரன்:
மேலே வரும் என்று நான் எங்கே சொன்னேன் அண்ணாச்சி? சிப்ஸ் படம் போகணும் என்றுதான் சொன்னேன்.

களியக்காவிளை எண்ணெய்:
ஒரு எண்ணெய்க் கம்பெனியில் 500 மில்லி பாட்டிலை 450 ஆக்கினார்கள், பார்கோடு எண்ணை மாற்றவில்லை. படத்தில் 500, எழுத்தில் 450, கீழே வாங்கியவர்கள் சண்டை. அளவு மாறினால் புது எண். பழையதை வேறு சரக்குக்குத் திருப்பிக் கொடுக்கவும் கூடாது. பழைய ஸ்டாக் முடிகிறவரை இரண்டு பக்கமும் தனித்தனியாக ஓடணும், அவர்களோ ஒரே பக்கத்தில் அடித்துத் திருத்திவிட்டார்கள்.