டில்லி மியூசியம்: எங்க வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல பேசினது

செந்தில்: ஞாயிறு காலைல டில்லி. திங்கள் தேசிய அருங்காட்சியகம், செவ்வாய் தாஜ்மகால். சரியா வருமா சித்தப்பா?

மாணிக்கம் சித்தப்பா: வராதுப்பா. திங்கள் மியூசியம் லீவு. ஞாயிறே போயிடு, பத்து மணிக்குத் திறந்துடுவாங்க. தாஜுக்கு வெள்ளிதான் லீவு, செவ்வாய் தொந்தரவில்ல.

வனிதா அத்தை: கிளம்பறதுக்கு முன்னாடி எந்தெந்த கேலரி திறந்திருக்குன்னு கேட்டுக்கோ. பராமரிப்புன்னு ஒண்ணு ரெண்டை மூடி வச்சிருப்பாங்க.

சித்தப்பா: தரைத்தளத்துல ஹரப்பா கேலரி. கால் வலிக்கறதுக்குள்ள அதை முடிச்சிடு. பாடப் புத்தகத்துல முழுப் பக்கத்துக்கு நிக்கற நடன மங்கை வெண்கலச் சிலை நேர்ல 10.5 செ.மீ.தான். பசுபதி முத்திரைன்னு ஒரு கல் முத்திரை, அது ஒரு பக்கம் மூணரை செ.மீ. பெருசா இருக்கும்னு தேடறவங்க தாண்டிப் போயிடுவாங்க.

அகிலா: பாப்பாகிட்ட இப்பவே 10.5 செ.மீ. அட்டை வெட்டச் சொல்லுங்க அண்ணா. அங்க போய் வளையலையும் எண்ணட்டும். வலது கையில நாலு, இடது கையில தோள் வரைக்கும். 24ஆ 25ஆன்னு பெரியவங்களே சண்டை போடுவாங்க 😄

செந்தில்: தாடி வச்ச பூசாரி அரசன் சிலை?

சித்தப்பா: அது கராச்சியில. டில்லியில தேடாத.

அகிலா: முத்திரையை போட்டோ எடுத்து போன்ல மிரர் பண்ணிப் பாருங்க. அச்சு நேரா விழணும்னு இடவலம் மாத்தித்தான் செதுக்கியிருப்பாங்க.

வனிதா அத்தை: ஃபிளாஷை முதல்லயே ஆஃப் பண்ணிடு. ஆட்டோல விட்டா இருட்டுல தானா வெட்டும், காவலர் ஓடி வருவார். லென்ஸை கண்ணாடிகிட்ட கொண்டு போ, தொடாத, கொஞ்சம் சாய்ச்சுப் பிடி. வெள்ளைச் சட்டை போட்டா படத்துல நீதான் தெரிவே. அடர் நிறம் போடு.

செந்தில்: ஓவியம் இருக்கற ரூம்லாம் ஏன் அவ்வளவு இருட்டு அத்தை?

வனிதா அத்தை: காகிதம், துணிக்கெல்லாம் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கற அலகு) மேல வெளிச்சம் காட்டக்கூடாதுன்னு கணக்கு. போன சாயம் திரும்பி வராது. ரெண்டு நிமிஷம் சும்மா நில்லு, கண்ணு பழகிடும்.

சித்தப்பா: வெண்கலச் சிலைங்களை அவசரமாப் பாக்காதே. நம்ம புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவரங்குளம் நடராஜர் அங்கதான். காலைக் குறுக்க வீசியிருக்க மாட்டார், ரெண்டு முழங்காலும் மடங்கியிருக்கும். அதுக்குப் பேர் சதுர தாண்டவம். எல்லாரும் முகத்தைப் பாத்துட்டுப் போயிடுவாங்க, நீ உற்சவமூர்த்திங்களோட பீடத்தைப் பாரு. துளை, வளையம் இருக்கும். கம்பு செருகித் தூக்கறதுக்கு.

அகிலா: மெழுகு வார்ப்புன்னும் பாப்பாகிட்ட சொல்லுங்க. மெழுகுல உருவம் செஞ்சு, மேல மண் பூசி, மெழுகை உருக்கி எடுத்துட்டு அந்த இடத்துல உலோகத்தை ஊத்தறது. மண் அச்சை உடைச்சாதான் சிலை வெளிய வரும். அதே அச்சுல இன்னொண்ணு வார்க்க முடியாது. நடன மங்கையும் அதே முறைதான்.

செந்தில்: ஞாயிறுக்கு மாத்திட்டேன். பாப்பா அட்டை வெட்டிட்டா. "இவ்ளோ குட்டியா? இதுல எப்படிப்பா வளையல் எண்றது?"ங்கறா.

சித்தப்பா: போன்ல ஜூம் பண்ணச் சொல்லு.